சாம்பலும் சுவராகும்



நெய்வேலி நகரியத்தில் வாழ்வோருக்கு ஓர் அச்சம் உண்டு. பணி ஓய்வு நாள் நெருங்க நெருங்க அதுவும் வளரும். முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் குடியிருந்த குவார்ட்டர்சைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வட்டத்தையும், கைப்பட நட்டுக் காய்த்துக் குலுங்கும் பலா மரத்தையும் விட்டுப் புறப்பட வேண்டும். சேமநல நிதியும் பணிக்கொடையும் கைக்கு வரும். வடலூர்ப் பக்கமோ மந்தாரக்குப்பத்துப் பக்கமோ என்றோ வாங்கிப் போட்ட மனையில் ஒரு வீடு எழும்பியாக வேண்டும். வாழ்நாள் உழைப்பு முழுவதும் ஒரே முறையில், ஒரே வீட்டில் போடப்படுகிறது. அது தவறினால் திருத்திக்கொள்ள இன்னொரு வாழ்நாள் இல்லை.

அப்படி வீடு கட்டத் தொடங்கிய ஒரு குடும்பத்தை நான் அறிவேன். தந்தை சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். மகள் கட்டடப் பொறியியலில் பட்டயம் பெற்றவள். சுவருக்குச் செங்கல் வேண்டாம், சாம்பல் கல் வாங்கலாம் என்று மகள் சொன்னாள். தந்தைக்கு வந்த கோபம் கொஞ்சமன்று.

"முப்பத்துமூணு வருஷம் கொடியில காயப்போட்ட துணியில விழுந்த சாம்பலை உங்கம்மா உதறி உதறி மடிச்சா. அந்தச் சாம்பலைக் காசு குடுத்து வாங்கி அதுலயா வீடு கட்டச் சொல்றே?"

"காத்துல பறந்தாத்தாம்பா அது தூசி. சுண்ணாம்போட சேர்ந்து தண்ணியில கெடந்தா கல்லு. ஒருதரம் வந்து பாருங்கப்பா. பிடிக்கலைன்னா செங்கலே வாங்கிக்கலாம்."

இவ்விருவரில் யார் சொல்வது சரி? தந்தையின் ஐயத்தை அறியாமை என்று தள்ளிவிடல் தகாது. மகளின் சொல்லை இளமையின் துடுக்கு என்று ஒதுக்குவதும் தகாது. இருவரும் நின்ற இடத்தில் நின்று நாமும் சற்றுச் சிந்திப்போம்.

இந்த மண்ணின் கதையை நீங்கள் அறிவீர்கள். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-இல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1961-இல் சுரங்கத்தில் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் சோவியத் நாட்டின் துணையோடு எழுந்த முதல் அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்நிலையம் தன் கடமையை முடித்து 2020-இல் ஓய்வு பெற்றது. பின்னர் வந்த நிலையங்கள் எரிந்துகொண்டிருக்கின்றன. எரியும் இடத்தில் சாம்பல் சேர்வது இயற்கை.

கொதிகலனில் நிலக்கரி எரியும்போது கனமான சாம்பல் அடியில் விழுகிறது. பெரும்பகுதியோ மாவினும் நுண்ணிய தூளாகிப் புகையோடு மேலேறுகிறது. புகைபோக்கியை அடையுமுன் அத்தூளை மின்விசையால் ஈர்த்துப் பிடிக்கும் கருவிகள் உள்ளன. அவ்வாறு பிடிபடுவதையே உலர் சாம்பல் என்கிறோம். வாங்குவார் இல்லாத காலத்தில் அனல் மின் நிலையங்கள் இதனைத் தண்ணீரில் குழைத்துக் குழாய்வழியே சாம்பல் குளங்களுக்கு அனுப்பின. குளம் காய்ந்தால் காற்று அதனை ஊருக்குள் கொண்டுவரும். கரை உடைந்தால் வெள்ளம் அதனை வயலுக்குக் கொண்டுசெல்லும். அதில் சிறிதளவே இருக்கும் கன உலோகங்களும் நாளடைவில் நீரில் கசிய இடமுண்டு. ஆகவே, கொடித் துணியை உதறிய அந்தத் தாயின் வருத்தம் வீண் வருத்தம் அன்று.

ஆயினும் சாம்பலை நம் முன்னோர் எந்நாளும் வீணென்று எண்ணியதில்லை. விறகடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்கினார்கள். விதையில் கலந்து பூச்சியை விலக்கினார்கள். கீரைப் பாத்தியில் தூவினார்கள். ஒரு வீட்டுச் சாம்பலுக்கு ஒரு வீட்டிலேயே வேலை இருந்தது. ஆலைச் சாம்பலுக்குத்தான் நெடுங்காலம் வேலை கிடைக்கவில்லை. கழிவு என்பது என்ன? தனக்குரிய வேலை இன்னும் கிடைக்காத பொருளே கழிவு எனலாம்.

அந்த வேலையைத் தேடித் தந்தவர்களுள் இருவரை இங்கு நினைவுகூர்தல் முறை. விசாகப்பட்டினத்து ஆய்வாளர்களான பானுமதிதாஸ், காளிதாஸ் ஆகிய இருவரும், உலர் சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் ஆகிய மூன்றையும் அளவோடு சேர்த்துச் சூளையே இல்லாமல் கல் செய்யும் முறையை வகுத்துப் பரப்பினார்கள். ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டு அது 'ஃபால்-ஜி' எனப் பெயர் பெற்றது. கோடிகளைக் கொட்ட வேண்டிய ஆலை இதற்குத் தேவையில்லை. ஒரு கலவை இயந்திரம், ஓர் அழுத்தும் இயந்திரம், ஒரு கொட்டகை, தண்ணீர், பத்துப் பேரின் உழைப்பு ஆகியவை இருந்தால் சிறு முதலாளி ஒருவர் தொழில் தொடங்கலாம். அனல் மின் நிலையங்களைச் சுற்றி இந்தியாவெங்கும் இத்தகைய தொழிற்கூடங்கள் எழுந்தன.

இதில் மாயம் ஒன்றுமில்லை, பழைய அறிவேயாகும். 1895-இல் முடிவுற்ற முல்லைப் பெரியாறு அணை எதனால் கட்டப்பட்டது? சுண்ணாம்போடு சுர்க்கி கலந்த காரையால் அன்றோ? சுர்க்கி என்பது சுட்ட மண்ணின் பொடி. அதிலுள்ள சிலிக்கா, நீரின் துணையோடு சுண்ணாம்புடன் சேர்ந்து மெல்ல மெல்லக் கல்லாகிறது. பண்டைய ரோமர் எரிமலைச் சாம்பலைக் கொண்டு இதே உண்மையைக் கையாண்டனர். கொதிகலனில் வெந்த நிலக்கரிச் சாம்பலிலும் அத்தகைய சிலிக்கா உண்டு. எனவே மகள் சொன்னது சரியே. சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீரில் கிடந்தால் அது கல்தான்.

இதனால் விளையும் நன்மையைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு செங்கல்லுக்கு ஏறத்தாழ மூன்று கிலோ மண் வேண்டும். ஒரு நடுத்தர வீட்டுக்குப் பதினைந்தாயிரம் கல் என்று கொண்டால், நாற்பத்தைந்து டன் மண். அம்மண் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் விளைநிலத்தின் மேலிருந்தும் ஏரி, ஆற்றுப்படுகையிலிருந்தும் வருகிறது. ஓர் அங்குல மேல்மண் உருவாக இயற்கைக்குப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். அதனை ஒரு கோடைக்குள் வெட்டிச் சூளையில் அடுக்கிவிடுகிறோம். அச்சூளைக்கு முந்திரி விறகும் சவுக்கு விறகும் நிலக்கரியும் இரையாக வேண்டும். சாம்பல் கல்லுக்கோ சூளை இல்லை, விறகு இல்லை. எடையில் பாதி சாம்பல் என்று கொண்டாலும், அதே வீட்டின் சுவர்களுக்குள் இருபது டன்னுக்கு மேற்பட்ட சாம்பல் அடங்கிவிடுகிறது. எஞ்சிய பங்கிலும் கழிவுகளுக்கு இடம் உண்டு. மணலுக்கு ஈடாகக் கல்குவாரித் தூள், ஜிப்சத்துக்கு உர ஆலைகளில் ஒதுங்கும் பாஸ்போ ஜிப்சம், சுண்ணாம்புக்கு அசிட்டிலீன் வாயு செய்யும் ஆலைகளின் சுண்ணாம்புச் சேறு என்று, ஒரு கல்லுக்குள் நான்கு தொழில்களின் கழிவுகள் கைகோத்து நிற்க முடிகிறது.

டென்மார்க் நாட்டில் காலுண்போர் என்றொரு சிறிய துறைமுக நகரம் உண்டு. அங்கே மின் நிலையத்தின் சாம்பல் சிமெண்டுக்கும், அதன் ஜிப்சம் சுவர்ப்பலகை ஆலைக்கும், அதன் வெப்பம் ஊர் வீடுகளுக்கும் சென்றன. ஒருவர் கழிவு மற்றவருக்கு மூலப்பொருள் என்னும் இந்த ஏற்பாட்டைக் காண உலகெங்கிலுமிருந்து அறிஞர் வந்தனர். ஒரு வகையில் நெய்வேலிக்கும் இது புதிதன்று. நிலக்கரியைச் சுட்டுச் செய்த லெக்கோ கட்டிகள் ஒரு காலத்தில் தமிழ்நாட்டு அடுப்படிகளில் எரிந்தன. நிலக்கரிக்கு மேலே கிடந்த வெண்களிமண் பீங்கான் தொழிலுக்கு உதவியது.

சட்டமும் தன் பங்குக்குத் துணை நின்றது. 1999 செப்டம்பரில் நடுவண் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அனல் மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்வோர் அதில் நான்கில் ஒரு பங்காவது சாம்பல் சேர்க்க வேண்டும் என்றது. பின்னர் அத்தொலைவு 100 கிலோமீட்டராகவும், 2016-இல் 300 கிலோமீட்டராகவும் விரிந்தது. 2021 டிசம்பர் 31-இல் வந்த புதிய அறிவிக்கை, நிலக்கரியோ பழுப்பு நிலக்கரியோ எரிக்கும் ஒவ்வொரு நிலையமும் தன் சாம்பல் முழுவதையும் பயன்படச் செய்ய வேண்டும் என்றும், தவறினால் டன் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் விதித்தது. 1996-97-இல் இந்திய அனல் மின் நிலையங்களின் சாம்பலில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லை. 2021-22-இல் விளைந்த ஏறத்தாழ 27 கோடி டன் சாம்பலில் நூற்றுக்கு 95-க்கும் மேல் பயன்பட்டதாக மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குக் கூறுகிறது. எனினும் அதில் பெரும்பங்கு சிமெண்டுக்கும், சாலைக்கும், பள்ளம் நிரப்புதற்கும் சென்றது. செங்கல்லுக்குச் சென்றது சிறு பங்கே.

இவ்வளவு நன்மை இருந்தும் மக்கள் ஏன் தயங்குகிறார்கள்? இங்கேதான் தந்தையின் ஐயத்துக்கு நாம் மதிப்பளிக்க வேண்டும்.

நெய்வேலிச் சாம்பலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. இந்திய நிலக்கரியில் பொதுவாக நூறு கிலோவுக்கு முப்பது கிலோவுக்கு மேல் சாம்பல் தங்கும். நம் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி ஈரம். சாம்பலோ பெரும்பாலும் பத்துக் கிலோவுக்கும் குறைவு. ஆனால் அச்சாம்பலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. இது நன்மையும் ஆகும், தீமையும் ஆகும். சுண்ணாம்பு மிகுந்திருப்பதால் கல் நன்றாக இறுகும். ஆனால் நீரோடு சேராமல் உள்ளே ஒளிந்திருக்கும் சுண்ணாம்பு, சுவர் எழுந்த பிறகு ஈரம் கண்டு மெல்லப் பருத்தால், கல்லும் பூச்சும் வெடிக்கும். இதற்குரிய மருந்து இரண்டு: கலவையில் அளவு, பிறகு நீராற்றுவதில் பொறுமை. அழுத்தி எடுத்த கல்லை ஓரிரு நாள் நிழலில் உலரவிட்டு, அதன்பின் இரண்டு மூன்று வாரம் தண்ணீர் காட்ட வேண்டும்.

அந்த இரண்டு மூன்று வாரங்களில்தான் இத்தொழிலின் அறமே அடங்கியிருக்கிறது. மூன்றாம் நாள் கல்லும் இருபத்தோராம் நாள் கல்லும் பார்வைக்கு ஒன்றே. இரண்டும் சாம்பல் நிறம். இரண்டுக்கும் கூரிய விளிம்பு. வாங்குகிறவருக்கு வேறுபாடு தெரியாது. விற்கிறவருக்கோ வங்கித் தவணை கழுத்தை நெரிக்கிறது. களத்தில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் முடங்கிய முதல். பச்சைக் கல்லை லாரியில் ஏற்றிவிடத் தூண்டும் சோதனை எத்துணைப் பெரிது!

தந்தையும் மகளும் ஒரு கல் களத்துக்குப் புறப்பட்டபோது நானும் உடன் சென்றேன். களத்தின் உரிமையாளர் முன்பு ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர். வேலை செய்த பெண்கள் மூக்கையும் வாயையும் துணியால் இறுகக் கட்டியிருந்தார்கள். மேஸ்திரியும் எங்களோடு வந்திருந்தார். ஆட்கள் காத்திருக்கிறார்கள், திங்கட்கிழமை சுவர் தொடங்க வேண்டும் என்று அவர் அவசரப்படுத்தினார். களத்தின் முகப்பில் ஓர் அடுக்கு இருந்தது. "அதையே ஏத்திடுங்க" என்றார்.

உரிமையாளர் தந்தையைப் பார்த்துச் சொன்னார்: "அது ஆறாவது நாள் கல்லுங்க ஐயா. இன்னும் ரெண்டு வாரமாவது தண்ணி குடிக்கணும். இப்பவே ஏத்தினா பார்வைக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு வருஷம் கழிச்சுச் சுவத்துல கோடு விழும். முத்தின கல்லு அந்தக் கடைசி அடுக்குல கொஞ்சம்தான் இருக்கு. அது வேற ஒருத்தருக்குச் சொன்னது."

"அப்ப நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்" என்றார் மேஸ்திரி.

"பாத்துக்குங்க. ஆனா எங்க வாங்கினாலும் எத்தனை நாள் கல்லுன்னு கேட்டு வாங்குங்க ஐயா."

தந்தை ஒன்றும் பேசவில்லை. கடைசி அடுக்கிலிருந்து ஒரே ஒரு கல்லைக் கேட்டு வாங்கினார். வீட்டுக்குப் போகும் வழியில் மளிகைக் கடைத் தராசில் நிறுத்தார். மூன்று கிலோ இருந்தது. ஒரு நாள் முழுவதும் வாளித் தண்ணீரில் ஊறவைத்து மறுநாள் மீண்டும் நிறுத்தார். மூன்று கிலோ நானூறு கிராம். சாதாரணக் கல் ஒரு நாள் ஊறினால் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் விதி. இதுவோ ஏழில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. அன்று மாலை மகளை அழைத்து அவர் சொன்னார்: "ரெண்டு வாரம் காத்திருக்கலாம். கல்லை நம்பி இல்லம்மா. வந்த வியாபாரத்தை வேணாம்னு சொன்னான் பாரு, அவனை நம்பி."

அன்பர்களே, கழிவைப் பொருளாக்கும் தொழில்கள் பெருக வேண்டும் என்று எல்லாரும் பேசுகிறார்கள். இயந்திரமும் கடனும் சட்டமும் வந்துவிட்டால் அவை தாமே பெருகிவிடும் என்று எண்ணுகிறோம். ஆனால், பத்து ஆண்டில் வெடிக்கும் சுவர் சுற்றுச்சூழலைக் காப்பதில்லை. அதை இடித்து மீண்டும் கட்ட இருமடங்கு பொருள் வேண்டும். இடித்த குப்பை வேறு. மேலும், ஒரு வீட்டில் கோடு விழுந்தால் ஒரு தெருவே மறுபடியும் சூளைக்குத் திரும்பிவிடும். ஆகவே இத்தொழிலில் நேர்மை என்பது தனி ஒருவரின் நற்குணம் மட்டுமன்று. மண்ணைக் காக்கும் கருவியும் அதுவே.

இன்னோர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாம்பல் கல், நெருப்பின் குற்றத்தைக் கழுவிவிடாது. நிலக்கரி எரியும்போது வானில் கலக்கும் கரிவளியை எந்தக் கல்லும் பிடித்து வைப்பதில்லை. சுரங்கத்துக்காக நிலம் தந்த உழவர்களின் இழப்பும் இதனால் ஈடாவதில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில், விளைந்து நின்ற நெற்பயிரின்மீது வாய்க்கால் வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதைக் கண்டு கலங்காதவர் யார்? ஒரு பக்கம் விளைநிலத்தை இழந்துகொண்டே, மறு பக்கம் மேல்மண்ணைக் காத்தோம் என்று பெருமை பேசுவது பொருந்தாது. என்றேனும் ஒரு நாள் இந்த அடுப்புகள் அணையும். அன்று புதிய சாம்பலும் வராது. பழைய குளங்களில் சேர்ந்துள்ளதைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இத்தொழிலில் இறங்கும் இளைஞர்கள் அந்த நாளையும் எண்ணித் திட்டமிடுவது நல்லது. ஆயினும், விளைந்துவிட்ட சாம்பலைக் காற்றுக்கு விடுவதைவிடச் சுவருக்குள் அடைப்பது மேல் என்பதில் ஐயமில்லை.

வீடு கட்டும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். கல்லின் விலையைக் கேட்கும்போதே அதன் வயதையும் கேளுங்கள். அழுத்திய தேதி எழுதப்பட்ட அடுக்கிலிருந்து வாங்குங்கள். இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். மங்கிய ஒலி வந்தால் விட்டுவிடுங்கள். ஒரு கல்லை நிறுத்து, ஊறவைத்து, மீண்டும் நிறுத்துப் பாருங்கள். பெரிய வேலையாயின் ஆய்வுக்கூடத்தில் அழுத்தச் சோதனையும் செய்யுங்கள். களத்தில் உழைப்போர் முகத்துணி கட்டியிருக்கிறார்களா, சாம்பல் நனைத்துக் கையாளப்படுகிறதா என்றும் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் கல்லின் மீதி விலையை யாரோ ஒரு சித்தாளின் நுரையீரல் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடும்.

யாவற்றுக்கும் மேலாக, காத்திருக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நாம் அவசரப்படுவதால்தான் அவர்கள் பச்சைக் கல்லை ஏற்றுகிறார்கள். நேர்மையான வியாபாரி ஒருவர் நம்மைக் காத்திருக்கச் சொன்னால், அவர் நமக்காகத் தம் வருவாயைத் தள்ளிவைக்கிறார் என்று பொருள். அவரைவிட்டு விலகிப் போனால், அடுத்த முறை அவரும் காத்திருக்கச் சொல்ல மாட்டார்.

அந்தத் தந்தையின் வீட்டுச் சுவர்கள் இரண்டு வாரம் பிந்தியே எழுந்தன. மேஸ்திரிக்கு வருத்தம்தான். குடிபுகுந்த நாளில் சென்றிருந்தேன். பின்கட்டுக் கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அந்தத் தாய் ஒரு சேலையை எடுத்து, முப்பத்துமூன்று ஆண்டுப் பழக்கத்தால் இருமுறை உதறி மடித்தார். பிறகு பூசப்படாத பின்சுவரைக் கையால் தடவிப் பார்த்து, "இதுக்குள்ள எவ்வளவு சாம்பல் இருக்கும்?" என்று மகளைக் கேட்டார். மகள் கணக்குச் சொன்னாள். "அவ்வளவும் இனி எந்தத் துணியிலயும் விழாது" என்றார் அவர்.

அவர் சொன்னதைவிடத் தெளிவாக இத்தொழிலின் பயனை என்னால் சொல்ல இயலாது.